மஞ்சு சொன்ன தூரம்

மாங்குழி
16.06.2024

அய்யா துணை

தம்பி முருகதாஸுக்கு அக்காள் சபிதா எழுதுவது. உன் அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு இருமல் மட்டும் மிச்சம். ராஜஸ்தான் வெயிலில் உன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது.

போன் பேசாமல் காகிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. நம் ஊரில் டவர் கிடைப்பது மேலப்பாறை உச்சியில் மட்டும்தான். அந்த மேலப்பாறையைத்தான் குவாரிக்காரர்கள் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உனக்கும் வாரத்தில் ஆறு நாள் போனைக் கம்பெனி வாசலில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். எழுதினால் கையில் இருக்கும், பேசினால் காற்றோடு போகும். தபால்காரருக்கும் வேலை வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வெடி வைத்து வைத்து நம் வீட்டுக் கிழக்குச் சுவரில் விரல் நுழையும் அளவுக்குக் கீறல் விழுந்துவிட்டது. வீட்டிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் பாறை உடைக்கக் கூடாது என்பது சட்டம். அவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று காகிதம் வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வந்தபோது நீ வேடிக்கை காட்டிவிட்டு விட்டுப்போன லேசர் தூரமானி அலமாரியில் சும்மா கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் முற்றத்தில் நின்று, குழலைக் கண்ணில் வைத்து, பாறையைப் பார்த்து பட்டனை அமுக்கினேன். இருநூற்று அறுபத்தெட்டு என்று காட்டியது. அன்றைக்கே நாகர்கோவில் பஸ் ஏறி மனு கொடுத்துவிட்டேன்.

இந்தக் கருவி சரியானது, இது காட்டும் தூரத்தை நம்பலாம் என்று உன் கம்பெனித் தாளில் ஒரு சான்று வேண்டும். இவற்றைச் சோதிப்பதுதானே உன் வேலை? தங்கச்சங்கிலி கேட்கவில்லை, ஒரு தாள்தான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்காள்
சபிதா

சோதனை முகாம், ராஜஸ்தான்
30.06.2024

அய்யா துணை

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி, கஷாயத்தை மட்டும் நம்பாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல். எனக்கு இங்கே மூக்கில் ரத்தம் வந்து நின்றது, இப்போது தேவலை. பகலில் நாற்பத்தாறு டிகிரி. நாங்கள் கருவிகளை மணலில் வைத்து வேகவிட்டு அளக்கிறோம். காலையில் இரண்டு கிலோமீட்டர் பார்க்கிற கருவி நடுப்பகலில் ஆயிரத்து இருநூறுக்கே திணறுகிறது. தரையிலிருந்து கிளம்பும் வெக்கையில் ஒளி நெளிகிறது, வெயில் கருவியின் கண்ணைக் கூச வைக்கிறது. புழுதி எழுந்தால் புழுதியையே தூரம் என்று சொல்லிவிடும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், கருவி சரியா என்று கேட்டால் நான் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. எந்த நேரத்தில் அளந்தாய்? எத்தனை தடவை? பேட்டரி எப்போது மாற்றியது? கையில் பிடித்து அளந்தாயா, எதன்மேலாவது ஊன்றி வைத்தா? வானம் எப்படி இருந்தது? இவற்றை எழுதினால் யோசித்துச் சொல்கிறேன்.

கோபப்படாதே. கேட்பது என் தொழில்.

தம்பி
முருகதாஸ்

மாங்குழி
12.07.2024

அய்யா துணை

தம்பிக்கு,

மூக்கில் ரத்தம் வந்ததை இரண்டு வாரம் கழித்துச் சொல்கிறாய். வெங்காயத்தை நசுக்கி மோந்து பார். இங்கே மூன்று நாளாக விடாத மழை. ரப்பர் வெட்டு இல்லாமல் உன் அத்தான் சுந்தரராஜ் வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில். காலை ஆறரை மணி. பேட்டரி புதிது, பூதப்பாண்டியில் வாங்கியது. முற்றத்துக் கொய்யா மரக் கிளையில் ஊன்றி வைத்து அளந்தேன். வானம் எடவப்பாதி மழைக்காலத்தில் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. போதுமா? விசாரணை அதிகாரிகூட இத்தனை கேட்கமாட்டார்.

இனி நான் ஒன்று கேட்கிறேன். உன் பெண்டாட்டி ரேஷ்மி நாகர்கோவிலில் அவள் அண்ணன் தேவகுமார் வீட்டில் இருக்கிறாளே, அந்த வீட்டு வாசலில் ஒரு புது டிப்பர் லாரி நிற்கிறது. அது விடிகாலையில் கல் ஏற்ற வருவது நம் குவாரிக்குத்தான். பின்னால் மணி கட்டியிருக்கிறான், சத்தம் கேட்டு எனக்கே அடையாளம் தெரிகிறது. நீ இதைப்பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தெரியாமல் எழுதவில்லையா, தெரிந்து எழுதவில்லையா?

சான்று எப்போது வரும்?

சபிதா

சோதனை முகாம், ராஜஸ்தான்
28.07.2024

அய்யா துணை

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு தேவலை. வெங்காயம் உதவியது.

மச்சான் லாரி வாங்கியது எனக்குத் தெரியும். நான் கேட்டதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

எத்தனை தடவை அளந்தாய் என்று கேட்டிருந்தேன், அதற்குப் பதில் காணோம். அதுதான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன். கருவி ஒரு சொடுக்கு வெளிச்சத்தை அனுப்பும். அது பட்டுத் திரும்பிவர எத்தனை நேரம் ஆனது என்று கணக்கிட்டுத் தூரம் சொல்லும். நம் கீரிப்பாறை மலையில் இறங்கும் மஞ்சு இருக்கிறதே, மற்ற ஊர்களில் மூடுபனி என்று சொல்வது, அது கோடிக்கணக்கான நீர்த்துளி. ஒவ்வொரு துளியும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கருவிக்கு அதுவும் ஒரு பதில்தான். பின்னால் பாறை இருப்பதை அது அறியாது.

இதற்காகவே புதுக் கருவிகளை வேறு மாதிரி அமைக்கிறார்கள். முதலில் வரும் பதிலைத் தள்ளிவிட்டுக் கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மிக அருகிலிருந்து வருவதைக் கேட்காதே என்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டலாமே என்றால் எதிரே நிற்பவன் கண் போய்விடும். கண்ணுக்குக் கேடில்லாத வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்தால் மழைத்தண்ணீர் அதைக் குடித்துவிடுகிறது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும். உன்னிடம் இருப்பது பழைய மாதிரி, இந்தப் படிப்பு ஒன்றும் படிக்காதது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாறை எத்தனை தடவை கேட்டாலும் ஒரே எண்தான் சொல்லும், ஒரு மீட்டர் முன்பின் இருக்கலாம். மஞ்சு மாற்றி மாற்றிச் சொல்லும். அன்று ஏழரை வரை மஞ்சு விலகாமல் இருந்திருந்தால் உன் 268 பாறையின் எண்ணாக இருக்க வாய்ப்பில்லை. நீ எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவள். அந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்பு.

மழை விட்ட ஒரு நாளில், லாரிகளின் பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டையைப் பாறையில் ஒட்டிவிட்டு அளந்து பார். நனைந்த கறுப்புப் பாறை வெளிச்சத்தை விழுங்கும். பட்டை அப்படியே திருப்பித் தரும்.

தம்பி
முருகதாஸ்

மாங்குழி
10.08.2024

அய்யா துணை

முருகதாஸுக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதைச் சொல்லும்படி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு மணி வெடிக்குத் தேங்காய் அளவில் ஒரு கல் பறந்து வந்து ஓட்டைப் பிளந்து கட்டிலில் விழுந்தது. காலை ரப்பர் வெட்டு முடித்து வரும் உன் அத்தான் எப்போதும் அந்த நேரத்தில் அந்தக் கட்டிலில்தான் படுத்திருப்பார். தண்ணீர் குடிக்க எழுந்திருந்தார். அதனால்தான் இந்தக் காகிதத்தில் நான் ஒப்பாரி எழுதவில்லை.

இந்த நேரத்தில் நீ எனக்குப் பாடம் நடத்துகிறாய். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்கள், அது இப்போதுதான் புரிகிறது. நோட்டுப் பக்கம் கேட்டாய். ஓடு உடைந்து மழை ஒழுகி நோட்டு நனைந்துவிட்டது.

இன்னொன்று. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ‘அன்று ஏழரை வரை’ என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்கு எழுதியது ஆறரை மட்டும். மஞ்சு என்ற சொல்லையே நான் எழுதவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற உனக்கு ஏழரை என்று யார் சொன்னது?

விசாரணை 29ஆம் தேதி. சான்று வந்தால் வரட்டும்.

சபிதா

சோதனை முகாம், ராஜஸ்தான்
24.08.2024

அய்யா துணை

அன்புள்ள அக்காவுக்கு,

கல் விழுந்த செய்தி படித்து அன்று வேலை ஓடவில்லை. அத்தானை மதியம் பக்கத்து வீட்டில் படுக்கச் சொல். பணிவாகக் கேட்கிறேன், இதில் விளையாட வேண்டாம்.

சான்று தர முடியாது அக்கா. என் கையெழுத்துக்குக் கீழே பொய் இருக்கக் கூடாது. 29ஆம் தேதி கல் விழுந்ததைச் சொல், சுவர்க் கீறலைக் காட்டு. அந்த எண்ணை மட்டும் சொல்லாதே. காரணத்தை நேரில் சொல்கிறேன்.

தம்பி
முருகதாஸ்

மாங்குழி
05.09.2024

முருகதாஸ்,

உன் கடிதம் 30ஆம் தேதி வந்தது. விசாரணை முடிந்த மறுநாள்.

நடந்ததைக் கேள். நான் எண்ணைச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார், முகத்தைப் பார்த்தால் நம்பினது மாதிரிதான் இருந்தது. அப்போது குவாரிக் குத்தகைக்காரர் எழுந்தார். அவசரமே படவில்லை.

“சார், அன்னைக்கு காலம்பற ஏழரை வரைக்கும் மஞ்சு மூடிக் கெடந்துது. நம்ம வண்டிக்காரனே லைட்டு போட்டாக்கும் வந்தான். அந்தக் கருவி மஞ்சையும் பாறைன்னு சொல்லும். சந்தேகம் உண்டுன்னா இந்த அம்மாவுக்க தம்பிகிட்டயே கேளுங்க, அவருக்கு இதாக்கும் ஜோலி.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மஞ்சு இருந்ததா என்று அதிகாரி கேட்டார். நான் பையில் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன். மனுவைத் தள்ளிவிட்டார்கள். கல் விழுந்ததையும் சுவரையும் அதற்கப்புறம் யாரும் காதில் வாங்கவில்லை. ஒன்றில் பொய் சொன்னவள் மற்றதில் மட்டும் மெய்யா சொல்வாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

ஏழரை. அதே ஏழரை. நீ எழுதியது, அவர் சொன்னது. யோசித்துப் பதில் எழுது.

சபிதா

சோதனை முகாம், ராஜஸ்தான்
22.09.2024

அய்யா துணை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பும் அத்தானின் காலும் எப்படி என்று நீ எழுதவில்லை.

உன் கடிதங்களில் ஒன்றைக்கூட நான் யாருக்கும் காட்டவில்லை. அய்யா சாட்சி. குத்தகைக்காரரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. மஞ்சைப்பற்றி மலையடிவாரத்தில் யாருக்குத்தான் தெரியாது?

குளிர்காலத்துக்குப் பஞ்சாப் பக்கம் மாற்றுகிறார்கள். அங்கே மூடுபனியில் சோதனை. விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

தம்பி
முருகதாஸ்

மாங்குழி
19.01.2025

அய்யா துணை

தம்பி முருகதாஸுக்கு,

நான்கு மாதம் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. பொங்கலுக்கு நாகர்கோவில் வரை வந்துவிட்டு மாங்குழிக்கு வராமல் போனாய் என்று பூக்காரி சொன்னாள். உன் அத்தான் சுகம். இப்போது மதியம் கோயில் நிழலில்தான் தூங்குகிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அய்யாவைக் கும்பிட நிழல் தாங்கலுக்குப் போகிறேன். அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான் என்று உனக்குத் தெரியும். கும்பிட நின்றால் நம் முகம்தான் எதிரே நிற்கும். சிலையாக இருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். செப்டம்பரிலிருந்து என்னால் அந்தக் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, கீழே விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

அன்று மஞ்சு இருந்தது. பாறை பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. ஐந்து தடவை அமுக்கினேன். 241, 268, 233, 255, 219. கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஐந்தில் 268 தான் நம்பும்படி இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். நோட்டு நனையவில்லை. அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்போது கேள். மனு தள்ளுபடியான பிறகு அவர்களுக்குக் குளிர் விட்டுப்போயிற்று. இனி இவள் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள் என்று மேலப்பாறையின் நம் பக்கத்து முனையை உடைக்கத் தொடங்கினார்கள். டவர் கிடைத்த உச்சி இல்லை. அதன் கீழே நின்ற அயனி மரமும் இல்லை. போன ஞாயிறு குவாரிக்கு விடுமுறை. உன் அத்தான் போய் அவர்கள் புதிதாக உடைத்த பாறை முகத்தில் சிவப்புப் பட்டையை ஒட்டிவிட்டு வந்தார். மாலை நாலு மணி, வெயில் எனக்குப் பின்னால், வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஐந்து தடவை அமுக்கினேன். 283, 283, 283, 283, 283.

அன்று பொய் சொன்னேன், அதிகாரி எழுதிக்கொண்டார். இன்று மெய் சொல்கிறேன், அலுவலகத்தில் மனுவைக் கையில் வாங்கவே யோசிக்கிறார்கள். பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “மறுபடியும் மஞ்சாம்மா?” என்று கேட்டார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உன் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும்.

அக்காள்
சபிதா

சோதனை முகாம், பஞ்சாப்
02.02.2025

அய்யா துணை

அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

ஜூலை இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை. போனை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். தேவகுமார் மச்சானைக் கூப்பிட்டேன். ஜூன் பதினாலாம் தேதி காலையில் குவாரியில் மஞ்சு இருந்ததா என்று கேட்டேன். “ஏழரை வரைக்கும் ஒண்ணும் தெரியல மக்கா, லைட்டு போட்டுத்தான் ஏறுனேன். எதுக்கு கேக்கியா?” என்றார். சும்மாதான் என்றேன். அவர் விடவில்லை. கருவியைப்பற்றிச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், என் வேலையைப்பற்றி நம் வீட்டில் யாரும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை என்று எழுதினேன். அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன். உன்னிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் மறைப்பாய் என்று நினைத்தேன். அக்கா, நான் உன்னைத்தான் நம்பவில்லை. உன்னைச் சோதிக்க வேறு ஒருவனிடம் போனேன். பொங்கலுக்கு வந்து உன் வீட்டுப் படி ஏறாததும் இதனால்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

இங்கே தினமும் மூடுபனியில் நிற்கிறேன். கடைசிப் பதிலை எடுத்துக்கொள்ளும் புதுக் கருவி மஞ்சுக்குள்ளும் ஓரளவு பாறையைக் கண்டுபிடிக்கிறது. அதிலும் ஒரு எல்லை உண்டு. கையெட்டும் தூரம் தெரியாத மஞ்சில் அது ‘தெரியவில்லை’ என்று கோடு காட்டுகிறது. இதை வடிவமைத்தவர் அதைத்தான் பெரிய வெற்றி என்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வைக்கத்தான் மூன்று வருஷம் ஆயிற்றாம்.

பதினைந்து நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். வந்து நானே அளந்து, என் பெயரில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஜூன் எண் தவறு என்பதையும், அது தவறு என்று குவாரிக்காரர்களுக்குப் போனது யார் வழியாக என்பதையும் அதில் எழுதுவேன். ரேஷ்மியிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் லாரி நின்றுபோனால் அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது என்றாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் வரலாமா என்று மட்டும் எழுது.

தம்பி
முருகதாஸ்

மாங்குழி
13.02.2025

அய்யா துணை

தம்பி முருகதாஸுக்கு,

அத்தானும் நானும் சுகம். போன ஞாயிறு கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் நாமம் கொஞ்சம் கோணலாக இருந்தது, சரிசெய்துகொண்டேன்.

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் யோசித்துப் பார்த்தேன். நீ சந்தேகப்பட்டது சரிதான், நான் மறைத்துக்கொண்டுதான் இருந்தேன். நீ கேட்ட ஆள்தான் தப்பு. இதற்கு மேல் இதைப்பற்றி நாம் பேச வேண்டாம். ரேஷ்மி சோறு போடாவிட்டால் இங்கே பழையசோறும் சுட்ட கருவாடும் உண்டு.

புது மனுவில் ஜூன் மாதத்து ஐந்து எண்ணையும் எழுதிவிட்டேன், பக்கத்தில் ‘மஞ்சு’ என்றும் எழுதினேன். அதற்குக் கீழே ஜனவரி எண். உன் பொய்யை நீயே எதற்காம்மா எழுதுகிறாய் என்று அந்த அலுவலகத்து ஆள் கேட்டார். அதையும் சேர்த்துப் படித்தால்தான் இது மெய் என்று தெரியும் என்றேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். பட்டை ஒட்டிய பாறையை அவர்கள் உடைத்துவிட்டார்கள். நேற்று இவர் போய் அதற்குப் பின்னால் புதிதாகத் தெரிந்த முகத்தில் வேறு பட்டை ஒட்டினார் என்று எழுத ஆசைதான். ஆனால் உடைப்பு பின்னால் போகவில்லை, நம் வீட்டுப் பக்கமாக நகர்கிறது. பட்டையை இப்போது உடைக்கும் இடத்தில், பழைய இடத்துக்கு முன்னால் ஒட்ட வேண்டியிருந்தது. வானம் தெளிவு, மணி நாலு, ஐந்து தடவையும் ஒரே எண். நான் போன கடிதம் எழுதும்போது 283. இதை எழுதும்போது 276.

சீக்கிரம் வா.

அக்காள்
சபிதா